பூனாகலை வீதியில் ஒரு நீலக் குண்டூசி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் ஆட்கள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். மவுசைப் பிடித்து உலுக்குகிறவன், சவூதியில் இருக்கிற பெஞ்சாதியோடு ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவன், பிரிண்ட் எடுத்த பிறகு எழுத்துச் சின்னதாக இருக்கிறதே என்று முகத்தைச் சுளிக்கிறவன், எல்லாரும் இந்தப் பலீலாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வெளியே போவார்கள். என் மூத்த சகோதரர் காமில் நானா, சண்டை வரும்போலத் தெரிந்தாலே போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் போய் எதையோ தேடத் தொடங்கிவிடுவார்.

அப்படிப்பட்ட நான் அஜந்தனிடம் மட்டும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அஜந்தன் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஆள். தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட, தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில், சித்தப்பாவின் காம்பராவில் வளர்ந்தவன். எங்கள் கடைக்கு முன்னால் இருக்கிற தரிப்பிடத்தில் த்ரீவீலரோடு நிற்பான். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களின் பையைப் பறிக்காத குறையாக மற்றவர்கள் ஓடும்போது, இவன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருப்பான். அதனாலேயே வயதானவர்களும் கிளினிக்குக்கு வருகிற கர்ப்பிணிகளும் அவன் வண்டியைத்தான் தேடி வருவார்கள். அவ்வளவு பதமாக ஓட்டுவான்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம். கடையில் இரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்றுக்குத்தான் இன்டர்நெட். மெப்பைத் திறந்தால் ஊர் கட்டம் கட்டமாக, மனமில்லாமல் வருவதுபோல வரும். கொழும்பில் எம்பஸி எந்த ரோட்டில், மடு மாதா கோவிலுக்கு எந்த வழியால் போவது என்று கேட்டு ஆட்கள் வருவார்கள். இரண்டு ஊரின் பெயரை அடித்தால் இத்தனை கிலோமீட்டர், இவ்வளவு நேரம், இங்கே இடப்பக்கம் திரும்பு என்று அது வரிசையாகச் சொல்லும். நான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். மழைக்காலத்து ஏற்றத்தில் பஸ் எப்படி முக்கி முனகும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஒரு நாள் அஜந்தன் வந்து, பூனாகலையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு வழி எடுத்துத் தரச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் பதுளைக்குப் போகக்கூடியவனுக்கு எதற்கு மெப் என்று கேட்டேன்.

"வழி தெரியும் அக்கா," என்றான். "குழி இல்லாத வழியா காட்டுமா?"

கம்ப்யூட்டருக்குக் கோடுதான் தெரியும், குழி தெரியாது என்றேன். முகம் சுருங்கிப்போய் நின்றான். பார்க்கப் பாவமாக இருந்தது. சரி, வேண்டுமானால் குழி இருக்கிற இடங்களை நீங்கள் சொல்லுங்கள், மெப்பில் நான் குண்டூசி குத்தி வைக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். திரையில் குண்டூசி மாதிரி ஒரு அடையாளம் வைத்து, பக்கத்தில் இரண்டு வரி எழுதலாம். ஒரு நாள் வேலை என்றுதான் நினைத்தேன்.

மாதக்கணக்கில் இழுத்தது. ஹயருக்கு ஆள் ஏற்றிப் போய் வருகிற வழியெல்லாம் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்வான். பலாமரத்து வளைவு, வலப்பக்கம், பெரிய குழி. கோவிலுக்கு முன்னால், மழைத்தண்ணீர் போகக் குறுக்கே வெட்டிய காண். நான் சிவப்புக் குண்டூசி குத்தி அவன் சொன்னபடியே தமிழில் அடிப்பேன். போனில் சிக்னல் விழாத இடங்களுக்கு மஞ்சள். நகரசபை ஆட்கள் எங்காவது குழியை மூடிவிட்டால் அதையும் ஓடி வந்து சொல்வான், பரீட்சையில் பாசான பிள்ளை மாதிரி. இணைய நேரத்தை இப்படி அள்ளி விடுகிறாயே என்று காமில் நானா முணுமுணுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாளே அவன் ஒரு குண்டூசிக்கு இடம் காட்டினான். பூனாகலை வீதியில், பாலத்துக்கு முந்திய வளைவு. எப்படிப்பட்ட குழி என்று எழுத வேண்டும் என்றேன். குழி இல்லை என்றான். பிறகு எதற்கு என்று கேட்டதற்கு, திரையில் அந்த வளைவின் மேல் விரலை வைத்தான்.

"இந்த எடத்துலதான் அக்கா, வயிறு வலிக்குதுன்னு சொன்னா."

அவன் மனைவி ஜீவராணி. போன வருடம் அவள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்குக்குத் தன் த்ரீவீலரிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அந்த வளைவில் அவள் வயிற்றைப் பிடித்தாள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. அது தங்காத கரு, ரோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டொக்டர் சொன்னார். த்ரீவீலர் குலுக்கலில்தான் போயிற்று என்று லயத்தில் சொன்னார்கள். இந்த மடையன் லயத்தை நம்பினான். அந்த இடத்துக்கு நீலக் குண்டூசி ஒன்று குத்தினேன். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை, என்னத்தை எழுதுவது?

இப்போது ஜீவராணி மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி. பிரசவம் பதுளை பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அஜந்தன் அவளைத் தன் வண்டியில் ஏற்றுவதையே நிறுத்திவிட்டான். கிளினிக் நாளில் அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வெறும் த்ரீவீலரோடு பஸ்ஸுக்குப் பின்னாலேயே பூனாகலையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் வருவான். தரிப்பிடத்தில் மற்ற டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பஸ் மட்டும் குலுக்காதா தம்பி என்று கேட்டேன். பஸ்ஸுக்குச் சக்கரம் பெரியது என்றான். ஜீவராணிக்கு அது மனவருத்தம். ஊரில் இருக்கிற கர்ப்பிணியை எல்லாம் ஏற்றுகிற மனிதர் என்னை ஏற்ற மாட்டேன் என்கிறாரே என்று என் கடையில் உட்கார்ந்து ஒரு முறை கண் கலங்கினாள்.

மெப் விஷயத்தை அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன். கேட்கவில்லை. முதல் தடவை ஆசைப்பட்டு முன்கூட்டியே ஒரு குட்டிச் சட்டை வாங்கி வைத்திருந்தார்களாம். பிள்ளை பிறக்குமுன் எதையும் ஆயத்தம் பண்ணக்கூடாது என்று ஆளாளுக்குச் சொல்லி அவனைக் கொன்றிருக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை மூச்சு விடக்கூடாது. பிரிண்ட்கூட வேண்டாம் என்றான், வீட்டில் கண்டால் கேட்பாளாம். அந்த வழி முழுக்க என் கம்ப்யூட்டரிலும் அவன் மண்டையிலும் மட்டும்தான் இருந்தது.

பூனாகலையிலிருந்து பதுளை வரைக்கும் குண்டூசி குத்தி முடித்த அன்றைக்கு அவனுக்குச் சரியான சந்தோஷம். எனக்குப் பேரிக்காய் வாங்கி வந்தான். அடுத்த கிழமை பேயறைந்த முகத்தோடு வந்து நின்றான்.

ஜீவராணிக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. நமுனுகுலையிலிருந்து மாமியார் மாரியாயி வந்து, ஏழு வகைச் சோறு ஆக்கிப் போட்டு, வளையல் அடுக்கி, மகளை வேனில் ஏற்றித் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். எங்கள் ஆட்களுக்கும் அதுதான் வழக்கம், அவர்களுக்கும் அதுதான் வழக்கம். பூனாகலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வழி போட்ட இந்த மனிதனுக்கு அது ஞாபகம் வரவில்லை, எடுத்துச் சொல்லத் தாயும் இல்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே தம்பி என்று ஏசினேன்.

"மொதல் தடவ ஏழாம் மாசம் வரைக்கும் போகவே இல்லையே அக்கா," என்றான்.

அதற்குப் பிறகு நான் ஏசவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து நமுனுகுலையைத் தேடினேன்.

அங்கிருந்து பதுளைக்கு இரண்டு வழி. ஒன்று பசறைப் பக்கம் இறங்கிப் போவது. மற்றது எல்ல என்கிற ஊர்ப் பக்கமாக வந்து, தெமோதரையால் சுற்றிப் போவது. தெமோதரைக்கு அப்புறம் நாங்கள் ஏற்கெனவே குண்டூசி குத்திய பாதைதான், பாதி உழைப்பு வீண்போகவில்லை. எல்ல பக்கத்து வழியைப் பார்க்க அஜந்தன் நேரம் கிடைத்தபோதெல்லாம் நமுனுகுலைக்கு ஓடினான். அங்கேதான் வினை வந்தது.

கடை நம்பரை ஜீவராணியிடம் அவசரத்துக்குக் கொடுத்து வைத்திருந்தான். ஒரு நாள் மாரியாயி அம்மா அதற்குப் போன் எடுத்தார். மாப்பிள்ளை தேயிலைப் பெக்டரிச் சந்தி வரைக்கும் வருகிறாராம், ரோட்டைப் பார்க்கிறாராம், வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறாராம். வீட்டு வாசலை மிதிக்கவில்லையாம். கண்டவர்கள் வந்து சொல்லச் சொல்ல ஜீவராணி சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறாளாம்.

"நாங்க என்ன கொற வெச்சோம் தங்கச்சி?" என்று அந்த அம்மா கேட்டார். "வாய்விட்டுச் சொன்னாத்தானே தெரியும்."

சொல்ல வேண்டியது எல்லாம் என் நுனிநாக்கில் நின்றது. சொல்லமாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே. பல்லைக் கடித்துக்கொண்டு, குறை ஒன்றும் இருக்காது அம்மா, நான் கேட்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். என் வாய்க்கு அப்படி ஒரு பூட்டு அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழவில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து அஜந்தன் மீது கொட்டினேன். உள்ளே போய் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் என்ன குறைந்து போவீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள போனா எதுக்கு வந்தீங்கன்னு கேப்பா," என்றான். "எனக்கு அவகிட்ட பொய் சொல்ல வராது அக்கா."

இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நவம்பர் மழை பிடித்தது. நமுனுகுலை மலை முகத்தையே காட்டவில்லை. பசறைப் பக்கம் பெரிய மண்சரிவு, பாதை மூடியாயிற்று என்று ரேடியோவில் சொன்ன மறுநாள் காலையில் கடைப் போன் அடித்தது. மாரியாயி அம்மா. டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் ஜீவராணிக்கு வலி தொடங்கிவிட்டது. தோட்டத்து லொறி இருக்கிறது. எல்ல பக்கமும் ஓரிடத்தில் மண் விழுந்திருக்கிறது, வண்டி கடக்காது, ஆள் கடக்கலாம். அந்தப் பக்கம் வரைக்கும் லொறியில் கொண்டுவருவார்கள். இந்தப் பக்கம் ஒரு வண்டி நிற்க வேண்டும்.

மழைக்காலத்தில் பஸ்காரர்கள் செய்கிறதும் அதுதான். மண் விழுந்த இடத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் நடந்து அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறுவார்கள்.

நான் தரிப்பிடத்தைப் பார்த்துக் கத்திச் சொல்ல, அஜந்தன் வேன் தேடி ஓடினான். அந்த மழையில் மலை இடிகிற பக்கம் வர ஒருவரும் சம்மதிக்கவில்லை. தெப்பமாக நனைந்து கடைக்குள் வந்து நின்றான். வேறு வண்டி இல்லை தம்பி, உங்கள் வண்டிதான் என்றேன். என் வண்டியில் வேண்டாம் அக்கா என்றான். லைனை வெட்டாமல் பிடித்திருந்த போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. அந்தப் பக்கம் ஜீவராணி தாயிடமிருந்து போனை வாங்கியது கேட்டது. நான் அதை அவன் காதில் வைத்தேன். அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"நீங்களே வாங்க. வேற ஆரும் வேணாம்."

அவன் போய்விட்டான்.

பிறகு நடந்ததை எல்லாரும் சொல்லிக் கேட்டேன். மண்சரிவில் லொறிக்கார ஆட்கள் அவளைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கி, முழங்கால் சேற்றில் கடத்திக் கொடுத்தார்கள். தாயும் மகளும் த்ரீவீலரில் ஏறினார்கள். அஜந்தன் வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தி எனக்குப் போன் எடுத்தான்.

"ரோடு பூரா தண்ணி அக்கா. குழி ஒண்ணும் தெரியல. எனக்கு எதுவுமே ஞாபகம் வரமாட்டேங்குது. நீங்க பாத்து சொல்லுங்க."

மெப் அன்றைக்கென்று பார்த்து இன்னும் மெதுவாக வந்தது. யா அல்லாஹ், இந்தக் கட்டத்தையாவது சீக்கிரம் காட்டு என்று கெஞ்சினேன். கடையில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் வெளியே தள்ளிவிடுவேன் என்று சொன்னேன், ஒருவரும் மூச்சு விடவில்லை. சிவப்புக் குண்டூசிகள் ஒவ்வொன்றாக வந்தன.

அஜந்தன் போனைப் பின்னால் மாமியாரிடம் கொடுத்திருந்தான். மாமியார் மாப்பிள்ளையோடு நேரே பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை, எதுவும் மகள் மூலமாகத்தான். அன்றைக்கு மகள் பேசுகிற நிலையில் இல்லை. சாய்ந்த கல்லுக்குப் பிறகு இடப்பக்கம் குழி என்று நான் வாசித்தால், மாரியாயி அம்மா அதை முன்னால் பார்த்துத் திருப்பிச் சொன்னார். பலாமரத்து வளைவு, வலப்பக்கம். சின்னக் கோவில், குறுக்கே காண், முழுக்க நிறுத்தி இறக்கு. எழுத்துகளெல்லாம் நான் அடித்தவை, வார்த்தைகளெல்லாம் அவனுடையவை. நடுவே ஜீவராணி முனகுவது கேட்கும். அடுத்த குண்டூசியை வாசிப்பேன்.

மஞ்சள் குண்டூசியில் லைன் அறுந்தது. அங்கே அறும் என்று தெரியும், நானே குத்தியதுதான். தெரிந்தும் எனக்கு உயிர் போய் வந்தது. காமில் நானா மெஷினுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்று துஆ ஓதினார். திரையில் மஞ்சளுக்கும் அடுத்த சிவப்புக்கும் நடுவே என் சுண்டுவிரல் அளவு இடம்தான். அவ்வளவு நீளமான ரோட்டை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

போன் அடித்தது. சிக்னல் இல்லாத இடத்தைக் கடந்துவிட்டார்கள். நான் மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு குழி தாண்டிய பிறகு மாரியாயி அம்மா என்னை நிறுத்தினார்.

"தங்கச்சி, கடையில ஒக்காந்துகிட்டு ஒங்களுக்கு இதெல்லாம் எப்புடித் தெரியுது?"

வாக்காவது கத்தரிக்காயாவது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். சந்தி வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனாரே, அது இதற்குத்தான். உங்கள் மகள் போகிற பாதையில் ஒரு குழி விடாமல் பார்த்துக்கொண்டு போனார் என்றேன்.

பிறகு அந்த அம்மா பேசினார், என்னிடம் இல்லை.

"மாப்பிள்ள, பயப்படாம ஓட்டுங்க. நாங்க ஒங்க வண்டியிலதான் இருக்கோம்."

பதுளை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வாசித்தேன். தொண்டை கட்டிவிட்டது. பின்னேரம் அஜந்தன் போன் எடுத்தான். அழுகைதான் வந்தது. அழுவதை விட்டுவிட்டுச் சொல்லுங்க தம்பி, இரண்டு பேரும் சுகமா என்று கத்தினேன். சுகம் அக்கா, பொம்பளப் பிள்ள என்றான். காத்திருந்த ஆட்களெல்லாம் கை தட்டினார்கள். யார் பிள்ளை, எந்த ஊர் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

தீட்டுக் கழிந்து சில நாட்களில் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். அவனுடைய த்ரீவீலரில்தான். ஜீவராணி பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, அந்த மெப்பைக் காட்டுங்கள் அக்கா என்றாள். திறந்து காட்டினேன். நமுனுகுலையிலிருந்து ஒவ்வொரு சிவப்பாக வாசித்துக்கொண்டே வந்தாள். சில இடத்தில் சிரித்தாள். சில இடத்தில் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் வாசலில் நின்று ரோட்டைப் பார்க்கிற பாவனை காட்டினான்.

பதுளை முடிந்து, பண்டாரவளை முடிந்து, பூனாகலை வீதிக்கு வந்தாள். நீலக் குண்டூசியில் விரல் நின்றது.

இதில் ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டாள். நான் பிள்ளையின் கன்னத்தைத் தடவினேன். அது நான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அவள் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த குண்டூசிகளை வாசித்தாள். பாலம் என்று ஒன்றில் இருந்தது. அதற்கு முந்திய வளைவு எது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் தெளிவாகத்தான் வந்தது.

"அக்கா, இதுல நான் சொல்றத எழுதுறீங்களா?"

பிள்ளையைக் காமில் நானாவிடம் கொடுத்துவிட்டு கீபோர்டை இழுத்துக்கொண்டேன். அவள் வாசல் பக்கம் திரும்பி, அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"இங்க ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. அவரு மெதுவாத்தான் ஓட்டுனாரு."

சொன்னபடியே அடித்தேன். அஜந்தன் உள்ளே வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்று வாசித்தான். பிறகு, இன்னும் ஒரு தரம் வாசித்தான்.